ஈரத்தோலுக்குப் பாலீஷ் போடாதே, மருமவனே!

இன்னா மருமவனே, ஊரெல்லாம் உன் பேச்சாவே இருக்குது. ஆம்பூர்ல ஷூ கம்பெனி வச்சவன் இருக்கான், பிரியாணிக் கடை வச்சவன் இருக்கான், ரெண்டையும் சேர்த்து வச்சவனும் இருக்கான். சினிமா கேரவன் வச்சவன் நீ ஒருத்தன்தான். சென்னை சாலிகிராமம் வரைக்கும் போயி, இருக்கறதுலயே பழைய வண்டியா பார்த்துப் பிடிச்சு, பைபாஸ்ல ஓட்டிகினு வந்து, வீட்டு வாசல்ல நிறுத்திப் பூசணிக்காய் உடைச்சிருக்க. எந்த நடிகை அதுல மேக்கப் போட்டாங்கன்னு விசாரிக்கவே தெருவுல பாதிப்பேர் வந்து போனாங்களாம். வந்தவங்களுக்கெல்லாம் மேக்கப் கண்ணாடியைக் காட்டினியாமே. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால பிளைவுட் உப்பிப் போயி நிக்குதே, அதை ஏன்யா யாருக்கும் காட்டலை?

நம்ம வேலூரைப் பத்தி வெளியூர்க்காரன் அடிக்கற பழைய கேலி ஒண்ணு உண்டு: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு. 1981ல கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துட்டாரு. 2021 நவம்பர்ல பாலாத்துல ரெண்டு கரையும் தொட்டுகினு வெள்ளம் வந்துச்சு. பாக்கி இருந்தது ராஜா பதவி ஒண்ணுதான். அதுக்குத்தான் நீ ஏ.சி. வச்ச ரதத்துல வந்து எறங்கியிருக்க. ரதத்துக்குள்ள குடை பிடிச்சிகினு உக்காரணும்னு மட்டும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

உள்ள ஏறினதுமே எனக்கு விசயம் தெரிஞ்சு போச்சு. ஆயுசு பூரா தோல் ஷாப்புல மேஸ்திரியா இருந்த மூக்கு இது. சுண்ணாம்புக் குழி, ஆவாரம்பட்டை, டிரம்முல இருந்து எறக்கின வெட் புளூ தோல்னு ஒவ்வொரு வாசனைக்கும் தனித்தனியா பேர் சொல்லும். நீ நாலு மூலையிலயும் மல்லிப்பூ சென்ட் டப்பா தொங்க விட்டிருக்க. நல்ல யோசனைதான். இதுவரைக்கும் சும்மா மக்கிகினு இருந்த மரம், இனிமே மல்லிப்பூ வச்சிகினு மக்கும்.

உனக்கு யோசனை சொன்னவங்க யார் யாருன்னும் கேட்டுகினேன். ஒருத்தர் சுத்தி சிலிகான் அடிச்சுடுன்னாரு. இன்னொருத்தர் உப்பின பிளைவுட் மேலயே பி.வி.சி. ஷீட் ஒட்டிட்டா புது வண்டி ஆயிடும்னாரு. மூணாவது ஆளு ஓட்டையில எம்-சீல் வச்சு அடைச்சு, மேல சில்வர் பெயிண்ட் அடிக்கச் சொன்னாரு. மூணு பேரும் பெரிய மனுசங்க, குத்தம் சொல்லலை. ஆனா ஒரு ஒத்துமை பார்த்தியா? ஒருத்தரும் பலகையைக் கழட்டிப் பார்க்கச் சொல்லலை. மூடறதுக்கு மட்டும் மூணு வழி சொல்லியிருக்காங்க. மூடின வேலைக்குக் கூலி இந்த வருசம் உங்கிட்ட வாங்குவாங்க, அதைப் பிரிக்கறதுக்குக் கூலி அடுத்த வருசம் உங்கிட்டயே வாங்குவாங்க. அவங்களுக்கும் குடும்பம் இருக்குது இல்ல.

நீ தோல் ஷாப்புக்காரன் வீட்டுல பொண்ணு எடுத்தவன். அதனால தோலை வச்சே சொல்றேன். மண்டியில இருந்து உப்புத்தோல் வரும். ஊற வைப்போம், சுண்ணாம்புல போடுவோம், முடி எடுப்போம், சதை சீவுவோம், பதம் போடுவோம். பதம் போட்ட தோலைப் பிழிஞ்சு தண்ணி எடுக்கறதுக்குன்னே ஒரு மெசின் இருக்குது. பிழிஞ்சப்புறமும் நம்பாம காத்துல தொங்க விடுவோம். நல்லா காஞ்சது தெரிஞ்சப்புறம்தான் பெயிண்டு, பாலீஷ் எல்லாம். ஈரத்தோல் மேல அவசரப்பட்டு ஃபினிஷிங் அடிச்சா, அன்னைக்குப் பளபளன்னு இருக்கும். உள்ள மாட்டிகினு இருக்கற ஈரம் அப்புறமா வெளிய வரும்போது பெயிண்டைத் தூக்கிகினு வரும். கொப்புளம் போடும், உரியும், சரக்கு மொத்தமும் திரும்பி வரும். உன் கேரவனும் ஒரு ஈரத்தோல்தான் மருமவனே. உனக்கு யோசனை சொன்ன மூணு பேரும் ஈரத்தோலுக்குப் பாலீஷ் போடச் சொல்லியிருக்காங்க.

‘பூஞ்சணத்துக்கு மருந்து அடிச்சுட்டா போதாதா மாமா’ன்னு நீ கேப்ப. கேளு. இதுல நம்ம பக்கமே ஒரு தடவை சூடு பட்டிருக்குது. தோல்ல பூஞ்சணம் புடிக்காம இருக்கறதுக்குப் பென்டாகுளோரோபீனால்னு ஒரு மருந்து இருந்துச்சு. பி.சி.பி.ன்னு சொல்லுவாங்க. மலிவு, ஒரே அடியில பூஞ்சணம் போயிடும். 1989 டிசம்பர்ல ஜெர்மனிக்காரன் அதுக்குத் தடை போட்டான். ஒரு கிலோ சரக்குல 5 மில்லிகிராமுக்கு மேல அது இருக்கக் கூடாதுன்னுட்டான். அப்ப நம்ம தோலுக்குப் பெரிய வாடிக்கையே அவன்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு எல்லாப் பக்கமும் வயித்தைக் கலக்கிப் போச்சு. வேற மருந்து தேடி, டெஸ்ட் பண்ணி, மறுபடி நிமிர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆச்சு. பூஞ்சணத்தைக் கொல்லறது பெரிய வித்தை இல்ல. அது வளர்றதுக்கு ஈரம் குடுத்துகினே இருந்தா, மருந்துக்காரன்தான் பணக்காரன் ஆவான்.

ஆகவே மொதல் கேள்வி, மரம் ஏன் மக்குச்சுங்கறது இல்ல. தண்ணி எந்த வழியா வந்துச்சுங்கறதுதான்.

நீ என்ன நினைச்சிகினு இருக்க? வேலூர்ல வெயில் கொளுத்துது, இங்க எங்க ஈரம்னு. அந்த வெயில்தான்யா ஓட்டையே போடுது. கேரவனுக்கு மேல்தோல் அலுமினியத் தகடு. சூடு ஏறினா நீளும், இறங்கினா சுருங்கும். 20 அடி நீளத் தகடு 40 டிகிரி ஏறி எறங்கினா 5 மில்லிமீட்டருக்கு மேல அசையும். கத்திரி வெயில்ல மொட்டைத் தகடு எவ்ளோ கொதிக்கும்னு உள்ளங்கையை வச்சுப் பாரு, கணக்கு உனக்கே புரியும். தகடும் தகடும் சேர்ற இடத்துல இருக்கற சீலன்ட் இந்த இழுபறியில வருசக்கணக்கா கெடந்து, வெயில்ல காஞ்சு, கல்லா இறுகி, கடைசியில விரிசல் விடும். சித்திரையில விட்ட விரிசல் உனக்குத் தெரியாது. ஐப்பசியில மழை வந்துதான் அதை உனக்குக் காட்டிக் குடுக்கும். அப்ப நீ மழையைத் திட்டுவ. வெயில் சிரிச்சிகினு போயிடும்.

சீமையில கேரவனுக்குப் பெரிய சரித்திரமே இருக்குது. 1885ல கோர்டன் ஸ்டேபிள்ஸ்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், கப்பற்படையில டாக்டரா இருந்தவர், ஊர் சுத்தறதுக்குன்னே பிரிஸ்டல்ல ஒரு வண்டி கட்டச் சொன்னாரு. பேரு ‘வாண்டரர்’. மஹோகனி மரம், ரெண்டு டன் எடை, ரெண்டு குதிரை இழுக்கும். அன்னைக்கு ஆரம்பிச்ச பைத்தியம் இன்னும் தெளியலை; ஆனா அந்த மழை நாட்டுல பழைய கேரவன் வாங்கறவன் மொதல்ல மெத்தையைப் பார்க்கறது இல்ல. ஈரம் அளக்கற மீட்டரைக் கையில வச்சிகினு மூலைமூலையா குத்திப் பார்க்கறான். நீ இன்னா பார்த்த? நடிகையோட கண்ணாடியைப் பார்த்த. பரவாயில்ல, அழகுணர்ச்சி வேணும் மனுசனுக்கு.

சரி, வழியைத் தேடலாம் வா. கூரைமேல ஏ.சி. வைக்க வெட்டின ஓட்டை, ஆன்டெனா குத்தின எடம், கூரையும் சுவரும் சேர்ற மூலை, ஜன்னல் ரப்பர் பீடிங், ரிவெட் வரிசை, பின்னால பிரேக் லைட் சுத்தி, தண்ணித் தொட்டிக் குழாய், பாத்ரூம் தரை மூலை. சந்தேகம் இங்கதான். கறை இருக்கற எடத்துலயே ஓட்டை இருக்கும்னு நினைக்காத. மேல பூந்த தண்ணி சட்டத்தைப் பிடிச்சிகினு ஓடி, எங்கயோ ஆணி கண்ட எடத்துல சொட்டும். கறையைப் பார்த்து அங்க சிலிகான் பூசறவன், திருடன் வந்த ஜன்னலை விட்டுட்டுக் கொல்லைக் கதவுக்குப் பூட்டு போடறான்.

சோதனை இப்படிப் பண்ணு. ஹோஸ் பைப்பை எடுத்து ஒரேயடியா கூரைமேல பீச்சி அடிக்காத. எல்லாமே நனைஞ்சா எதுவும் தெரியாது. கீழ இருந்து ஆரம்பி. ஒரு ஜாயின்ட்டுக்கு மட்டும் மெதுவா தண்ணி விடு, உள்ள ஒருத்தர் டார்ச் பிடிச்சிகினு உக்காரட்டும். உன் சம்சாரத்தை உக்கார வைக்காத. உள்ள சொட்டற தண்ணியை விட உன்னைப் பத்திதான் நிறைய சொல்லும். ஒரு எடம் முடிஞ்சா மேல அடுத்த எடம். நிதானமா பண்ணினா தண்ணி வந்த பாதையைத் தானே காட்டும்.

மழையே இல்லாத நாள்லயும் சுவர் வேர்க்குதா? அப்ப தப்பு வானத்து மேல இல்ல, உங்க மேல. இந்த வண்டியை ஏலகிரிக்கு வாடகைக்கு விடப் போறதா சொன்ன. நல்ல தொழில். 14 கொண்டை ஊசி வளைவு ஏறினா மேல ராத்திரி குளிரும். கதவு ஜன்னலை இறுக்கிச் சாத்திகினு ரெண்டு பேர் விடிய விடிய மூச்சு விட்டாலே அரை லிட்டர் கிட்ட தண்ணி ஆவியா வெளிய வரும். அது பத்தாதுன்னு உள்ளயே கேஸ் அடுப்பு வச்சு டீ போடுவாங்க. ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி ஆவி ஆகுது, அது கெமிஸ்ட்ரி, என் கற்பனை இல்ல. இத்தனை ஆவியும் எங்க போகும்? சில்லுன்னு இருக்கற அலுமினியத்துல போயி ஒட்டிகினு, சொட்டா எறங்கி, பலகைக்குப் பின்னால போயி உக்காரும். ஓட்டையே இல்லாத வண்டியும் இப்படி மக்கும். கூரை வென்ட்டைத் திறந்து வை, சமைக்கறப்ப ஜன்னலைத் திற, கட்டில் மெத்தைக்கு அடியில காத்துப் போக சந்து விடு. காசு செலவில்லாத வைத்தியம் இது. அதனாலதான் யாரும் சொல்லலை போல.

இனிமே பிரிக்கலாம். பிரிக்கறதுக்கு முன்னாடி போன்ல படம் எடு. எடுக்கறதுன்னா நீ கேரவனுக்கு முன்னால கூலிங் கிளாஸ் போட்டுகினு நிக்கற படம் இல்ல. எந்தப் பலகை எங்க இருந்துச்சு, எந்த வயர் எதுக்குப் போகுதுங்கற படம். ஒவ்வொரு பலகைக்கும் சாக்பீஸ்ல நம்பர் போடு. பேட்டரி, கரன்ட், கேஸ் மூணையும் மொதல்ல கழட்டு. ஈரத்துல ஊறின வயரோட மல்லுக்கட்டி நீ ஹீரோ ஆக வேணாம். முகத்துக்கு என்95 மாஸ்க் போடு. பூஞ்சணத்தைக் காஞ்ச துணியில தட்டாத, பறந்து நெஞ்சுக்குள்ள போகும். ஈரத்துணியில துடைச்சு, துணியைப் பையில கட்டி வெளிய போடு.

உள்பலகை வந்துட்டா உள்ள இருக்கற மரச்சட்டம் தெரியும். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குத்திப் பாரு. நல்ல மரம் எதிர்த்து நிக்கும். மக்கின மரம் வெண்ணெயா உள்ள விடும். சந்தேகமா இருந்தா ஈர மீட்டர் வாங்கு. 15 சதவீதத்துக்குள்ள இருந்தா நிம்மதியா தூங்கு. 20 தாண்டினா பூஞ்சணத்துக்கு அது கல்யாண மண்டபம். மக்கின எடத்தை மட்டும் சுரண்டிட்டு நிறுத்தாத. நல்ல மரம் வர்ற வரைக்கும் வெட்டு. அரை அடி கூட வெட்டறதுக்குக் கணக்குப் பார்க்கறவன், மக்கினதுல கொஞ்சத்தை விதையா விட்டு வைக்கறான். உள்ள தெர்மோகோலோ கண்ணாடிப் பஞ்சோ தண்ணி குடிச்சிகினு இருந்தா தூக்கிப் போடு. அதைக் காய வச்சுத் திருப்பி வைக்கலாம்னு ஒரு சிக்கனம் உனக்குத் தோணும். உங்கப்பாவும் இப்படித்தான், கல்யாணத்துல மிஞ்சின சாம்பாரை மூணு நாளைக்குச் சுட வச்சாரு.

அடுத்தது காய வைக்கறது. இங்கதான் உனக்குப் பொறுமை போகும். வண்டியை நட்டநடு வெயில்ல நிறுத்தி ஒரே நாள்ல காய வச்சுடலாம்னு பார்ப்ப. தோலை வெயில்ல போட்டா மேல விறைச்சு, உள்ள ஈரம் தங்கும், தோல் அட்டையாப் போயிடும். மரமும் அதே கதைதான். மேல காஞ்சு முறுக்கிக்கும், உள்ள ஈரம் அப்படியே நிக்கும். நிழல்ல நிறுத்து, கதவு ஜன்னலைத் திறந்து போடு, ஃபேனை வை, மீட்டர் நம்பர் எறங்கற வரைக்கும் விடு. நாள் கணக்கு கேக்காத. வாரங்கூட ஆகும். அதுக்குள்ள ‘எப்ப முடியும்’னு கேக்க வர்றவங்களுக்கெல்லாம் ஆம்பூர் பிரியாணி வாங்கிக் குடு, வாய் வேலையா இருக்கும்.

காஞ்ச மரத்துக்கு வெங்காரமும் போரிக் பவுடரும் சுடுதண்ணியில கரைச்சு அடி. பூஞ்சணமும் வராது, கரையானும் கிட்ட வராது. பிளீச்சிங் தண்ணி ஊத்தினா வெள்ளையா தெரியும், மரத்துக்குள்ள எறங்காது, பக்கத்துல இருக்கற இரும்பைத்தான் தின்னும். அதையும் காய விட்டுட்டு, வெட்டின எடத்துல புதுச் சட்டத்தைப் பழைய நல்ல மரத்தோட சேர்த்துப் பசை போட்டு ஸ்க்ரூ அடி.

பலகை வாங்கப் போறப்ப கடைக்காரர் ‘வாட்டர்ப்ரூஃப்’னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாரு. நீ ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பாரு. அது மரைன் பிளைவுட். 72 மணி நேரம் கொதிக்கற தண்ணியில போட்டாலும் ஒட்டு விடக் கூடாதுங்கறது அதுக்குச் சோதனை. விலை அதிகம்னு அழுவ. கண்ணாடிக்காக சினிமாக்காரனுக்கு நீ குடுத்த காசை நினைச்சுப் பாரு, அழுகை நின்னுடும். எந்தப் பிளைவுட்டா இருந்தாலும் அறுத்த ஓரம் தண்ணி குடிக்கும். ஓரத்தை வார்னிஷோ எபாக்சியோ பூசி மூடு. ஆசாரி அதை மறப்பாரு. நீ பக்கத்துல நின்னு மறக்காம இரு.

ஸ்க்ரூ விசயத்துல கஞ்சத்தனம் பண்ணாத. அலுமினியத்துல சாதா இரும்பு ஸ்க்ரூ அடிச்சா, நடுவுல ஈரம் வந்ததும் ரெண்டும் அடிச்சிகினு கெடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடு. துருவுக்குச் சாட்சி வேணும்னா நம்ம ஊர்லயே உப்புத்தோல் ஏத்தின பழைய லாரி அடித்தட்டைப் போய்ப் பாரு. தோலை அழுகாம காப்பாத்தின உப்பே, லாரியை அழுக வச்சிருக்கும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினா உப்பு தானே தண்ணி இழுத்துக் கரையும். மழைக்காலத்துல அந்த லாரித் தரை காயவே காயாது. நாளைக்கு நீ ‘சீப்பா வருது’ன்னு அப்படி ஒரு லாரியை வாங்கி ரெண்டாவது கேரவன் கட்டறதா இருந்தா, என்னை மாமான்னு கூப்பிடாத.

ஜாயின்ட்டுக்கு வா. பழைய சீலன்டைச் சுரண்டி எடுக்காம அதுமேலயே புதுசு பூசாத. குறிப்பா சிலிகான் இருந்த எடத்துல, அதைத் துளி விடாம எடுக்கற வரைக்கும், வேற எதுவும் ஒட்டாது. அதனாலதான் சிலிகான் அடிக்கச் சொன்னவரைப் பார்த்ததும் நான் எழுந்து போனேன், கோவம் இல்ல. தகடுக்கு அடியில பியூட்டைல் டேப் வை, வெளியில பாலியூரித்தேன் சீலன்ட் போடு. ரெண்டும் தகட்டோட கூடவே நீளும் சுருங்கும். எம்-சீல் கல்லா இறுகும். குடத்துக்கும் குழாய்க்கும் அது தெய்வம், வெயில்ல ஆடற கூரைக்கு இல்ல.

ஒண்ணே ஒண்ணு, சிரிக்காம சொல்றேன். தரையில சின்னச் சின்னதா காத்து ஓட்டை இருக்கும். ‘இதுதான் ஓட்டை’ன்னு சந்தோசமா அதையும் அடைச்சுடாத. கேஸ் காத்தை விடக் கனம், கசிஞ்சா கீழதான் தேங்கும். அது வெளிய போறதுக்கு வச்ச வழி அது. தண்ணிக்குப் பயந்து அதை மூடினவன் விடியக்காலையில தீக்குச்சி கிழிச்சா, அப்புறம் ரிப்பேருக்கு வண்டியே இருக்காது.

இன்னொண்ணு. ரிப்பேர் பண்றேன்னு கூரையை உசத்தறேன், பின்னால பால்கனி வைக்கறேன்னு கெளம்பாத. ஆர்.சி.யில இருக்கற விவரம், வண்டி செஞ்ச கம்பெனி சொன்ன விவரத்துக்கு முரணா போற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்லுது. மக்கின பலகைக்குப் பதில் பலகை போடறது ரிப்பேர். மாடி கட்டறது வழக்கு.

இவ்ளோவும் எதுக்குச் சொல்றேன்னா, ஈரத்தை நம்ம பக்கம் யாரும் அலட்சியமா எடுத்துக்கக் கூடாது. 1903 நவம்பர்ல பாலாத்து வெள்ளம் வாணியம்பாடியில புகுந்து எத்தனையோ பேரை அடிச்சிகினு போச்சு. அது ஆத்து வெள்ளம், கண்ணுக்குத் தெரிஞ்சு வந்துச்சு. 2021 நவம்பர் 19ஆம் தேதி பேரணாம்பட்டுல விடாத மழையில வீடு இடிஞ்சு விழுந்து 9 பேர் செத்தாங்க, அதுல 4 பேர் குழந்தைங்க. மழையில ஊறின சுவர் சத்தம் போட்டுச் சொல்லிட்டு விழறது இல்ல. வண்டியோ வீடோ, உப்பின எடத்தைப் பார்த்தும் பெயிண்ட் அடிக்கறவனைப் பார்த்தா எனக்கு நையாண்டி வாய்ல வர்றது அதனாலதான். கோவத்துல சொன்னா நீ கேக்க மாட்ட.

சட்டமே நம்ம ஊரை வச்சுதான் இந்தப் பாடத்தை எழுதிச்சு. தோல் ஷாப்புத் தண்ணி பாலாத்தைக் கெடுத்துச்சுன்னு வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்குல, 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றத்துல நீதிபதி குல்தீப் சிங் அமர்வு ரெண்டு விதி சொல்லுச்சு: கெடறதுக்கு முன்னாடியே தடுக்கணும், கெடுத்தவனே காசு குடுத்துச் சரி பண்ணணும். இந்தியாவுல இருக்கற சுற்றுச்சூழல் வக்கீல் எல்லாரும் இன்னைக்கும் நம்ம ஊர்ப் பேரைச் சொல்லித்தான் வாதாடறாங்க. நாம மட்டும் அதைக் காதுல வாங்கலை. நீயாவது ரெண்டுல ஒண்ணை எடுத்துக்க. மொதல் விதி மலிவு. ரெண்டாவது விதிக்குத்தான் நீ இப்ப சாலிகிராமம் போய் வந்திருக்க.

கணக்கையும் சொல்லிடறேன். ஒரு மூலை, ரெண்டு பலகை, கூரை ஜாயின்ட்டு அளவுல நின்னா செலவு பண்ணு, வண்டி நிக்கும். தரைச் சட்டமும் பக்கச் சட்டமும் சுத்தி மக்கி, ஸ்க்ரூடிரைவர் வச்ச எடத்துல எல்லாம் உள்ள போனா, உள்கூட்டை மொத்தமா பிரிச்சுப் புதுசா கட்டணும். அதுக்கு ஆகற காசைக் கேட்டுட்டு, என்ஜினையும் சேஸியையும் மட்டும் விலை பேசு. அதுக்கும் மனசு வரலைன்னா, கண்ணாடியைக் கழட்டி உன் வீட்டு ஹால்ல மாட்டிக்க. பார்க்க வர்றவங்ககிட்ட டிக்கெட் வசூல் பண்ணலாம்.

இல்ல மாமா, சரி பண்ணிட்டு ஓட்டறேன்னு நின்னா, வருசத்துக்கு ஒரே ஒரு வேலை செய். புரட்டாசி முடியறதுக்குள்ள, மழை வர்றதுக்கு முன்னாடி, ஏணி போட்டுக் கூரைமேல ஏறு. ஒவ்வொரு ஜாயின்ட்டையும் விரலால தடவிப் பாரு. விரிசல் விட்டதை அன்னைக்கே சுரண்டிப் புதுசா போடு. ஒரு டியூப் சீலன்டுக்கு ஆகற காசு, ஒரு சுவருக்கு ஆகற காசுல நூத்துல ஒண்ணுகூட வராது. ஏறறதுக்குப் பயமா இருந்தா சொல்லு, நானே ஏறறேன். ஏணியை மட்டும் நீ நல்லா புடிச்சிக்க, கேரவனைப் பார்க்க வந்தவங்ககிட்ட பேசிகினு விட்டுடாத.